ட்ரெய்லருக்கு விளக்கு: மூன்று வயரிங், நாலு மாத ஓட்டம்

கானாடுகாத்தானில் ஒரு அறுபதாம் கல்யாணச் சமையலை முடித்துக்கொண்டு இரவு பதினொன்றரைக்குக் கிளம்பினோம். மச்சானின் பத்து வயது டீசல் வண்டி, அதன் பின்னால் கொக்கியில் மாட்டிய இரண்டு சக்கர ட்ரெய்லர். அதில் ஆறு அண்டா, இரண்டு இட்லிக் கொப்பரை, மூன்று பெரிய அடுப்பு, ஒரு கிரைண்டர். காரைக்குடி தாண்டி அமராவதிபுதூரை நெருங்கும்போது, பின்னால் வந்த லாரி நீளமாக ஹாரன் அடித்து, டயர் தேய்கிற சத்தத்தோடு நின்றது. இறங்கி வந்த டிரைவருக்குக் கோபத்தைவிட நடுக்கம்தான் அதிகம் இருந்தது. "அண்ணே, இப்படி ஒண்ணு முன்னால போகுதுன்னே தெரியலண்ணே. ஒரு லைட்டுகூட இல்ல. பாத்திரம் மின்னுனதுலதான் பிரேக்க அடிச்சேன்" என்றார்.

கிளம்பும்போது எல்லா விளக்கும் எரிந்தன. நானே பின்னால் நின்று பார்த்தேன். நடு வழியில் எப்போது அணைந்தன என்று முன்னால் உட்கார்ந்திருந்த எங்களுக்குத் தெரியவே இல்லை. காரின் சொந்த விளக்குகள் ஒழுங்காகத்தான் எரிந்துகொண்டிருந்தன. ஆனால் அவற்றை ட்ரெய்லரும் அண்டாக்களும் முழுக்க மறைத்துவிட்டன. ட்ரெய்லர் மாட்டிய வண்டிக்கு ட்ரெய்லரின் விளக்குதான் விளக்கு, காரின் விளக்கு கணக்கில் சேராது. அன்று இரவு அது எனக்கு உறைத்த விதத்தில் இனி மறக்காது.

அதற்குப் பிறகு நாலு மாதத்தில் மூன்று விதமான வயரிங்கை அதே ட்ரெய்லரில் மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். கையில் ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லேம்ப், எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவரின் முப்பது வருஷ அனுபவம். காரில் ட்ரெய்லர் இழுப்பவர்கள் நம் பக்கம் குறைவு. சமையல் காண்ட்ராக்ட், பந்தல், சவுண்ட் சர்வீஸ் செய்கிறவர்கள் இப்போது யோசிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். அவர்கள் பார்க்கட்டும் என்றுதான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

வயரிங்குக்குப் போகும் முன் ஒரு விஷயம். 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தில் 'மோட்டார் வாகனம்' என்ற சொல்லுக்குள்ளேயே ட்ரெய்லரும் அடக்கம். அதற்குத் தனிப் பதிவு வேண்டும். இழுக்கும் வண்டியின் நம்பரும் ட்ரெய்லரின் பின்னால் தெரிய வேண்டும் என்று 61-ஆம் பிரிவு சொல்கிறது. வெல்டிங் பட்டறையில் ஆங்கிள் வைத்து அடித்த பெட்டியை அப்படியே ரோட்டில் இறக்க முடியாது. வாங்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பின்னால் நம்பர் பிளேட் இருந்தால் அதற்கு ஒரு விளக்கும் வேண்டும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். பலர் விட்டுவிடுவது அதைத்தான்.

முதலில் போட்டிருந்தது கிளிப் வயரிங். அன்று இரவு அணைந்ததும் அதுதான். ஒரு கடையில் செய்து கொடுத்தார்கள். பொருளும் கூலியும் சேர்த்து 1,100 ரூபாய். காரின் டெயில் லேம்புக்குப் போகும் வயரை அறுக்காமல், பிளாஸ்டிக் கிளிப் ஒன்றை அதன் மேல் வைத்துப் பிளையரால் அழுத்தினால் உள்ளே இருக்கும் தகடு இன்சுலேஷனைக் கிழித்துக்கொண்டு செம்பைத் தொடும். அதிலிருந்து புது வயர் பிரிந்து ட்ரெய்லருக்குப் போகும். இரண்டு மணி நேர வேலை. பார்க்கச் சுத்தமாக இருக்கும்.

இன்ஜின் ஓட, பேட்டரியில் 13.8 வோல்ட். பிரேக்கை மிதிக்கச் சொல்லி ட்ரெய்லரின் பிரேக் பல்பு ஹோல்டரில் மீட்டரை வைத்தேன்: 11.2. இரண்டரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விட்டது. இழை பல்பில் வோல்டேஜ் பத்து சதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் முப்பது சதம் குறையும். இந்தக் குறைவுக்குக் கணக்குப் போட்டால் வெளிச்சம் பாதிக்கும் கீழே. பிரேக் லைட் என்ற பெயரில் ஒரு டெயில் லேம்ப் எரிந்துகொண்டிருந்தது.

எங்கே போனது? பிரேக் பல்பு ஒன்று 21 வாட். இரண்டு பல்பு என்றால் 42 வாட், பன்னிரண்டு வோல்ட்டுக்கு மூன்றரை ஆம்பியர். டெயில் பல்பு இரண்டும் நம்பர் பிளேட் விளக்கும் ஐந்தைந்து வாட், அவற்றுக்கு இன்னொரு ஒன்றேகால் ஆம்பியர். அந்தக் கடையில் போட்டிருந்தது அரை ஸ்கொயர், அதாவது அரை சதுர மில்லிமீட்டர் வயர். ஆறு மீட்டர் நீள அரை ஸ்கொயர் செம்பு வயருக்கு 0.2 ஓம் தடை இருக்கும். பிரேக் லைன் போகிற வழியில் முக்கால் வோல்ட் விழும். திரும்பி வரும் எர்த்தும் அதே அரை ஸ்கொயர். அதில் பிரேக், டெயில் இரண்டின் கரண்ட்டும் சேர்ந்து வருவதால் கிட்டத்தட்ட ஒரு வோல்ட். மிச்சம் கிளிப்பிலும் சாக்கெட்டிலும் போனது.

கிளிப்புகளைக் கழற்றிப் பார்த்தபோது இரண்டில் செம்பு பச்சை பூத்திருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சக்கரம் வாரி அடிக்கும் செம்மண் தண்ணீர் அங்கேதான் போய் நிற்கிறது. இன்சுலேஷனைக் கிழித்த இடம் என்றால் தண்ணீருக்குக் கதவு திறந்துவிட்ட இடம். காரைக்குடிப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைத் தெரியாமல் இருப்பது எனக்கே வருத்தமாக இருந்தது. உலோகம் அரிப்பதை ஒரு துறையாகவே ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், சிக்ரி, நம் பக்கத்திலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்ச ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கல் நாளில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த இடம். கடல் காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்க்க மண்டபம் ஊரில் ஒரு நிலையமே வைத்திருக்கிறார்கள். பாலங்களையும் கப்பல்களையும் தின்கிற அதே வேதியியல்தான் ட்ரெய்லர் வயரின் மூட்டையும் தின்கிறது.

விளக்குகள் மொத்தமாக அணைந்ததற்குக் காரணம் கிளிப்கூட இல்லை. எர்த்.

எலக்ட்ரீஷியன் அண்ணன் ட்ரெய்லரைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு, எதையும் தொடாமல் சொன்னார்: "தம்பி, எர்த்து எங்க போட்டுருக்காங்கன்னு மொதல்ல பாருங்க. மத்ததெல்லாம் அப்பறம்." பார்த்தோம். சாக்கெட்டின் கார் பக்கத்து எர்த் வயர், பெயின்ட் சுரண்டாமல், பம்பருக்குக் கீழே ஒரு துருப்பிடித்த போல்ட்டில் சுற்றியிருந்தது. போல்ட் தளர்ந்ததும் அந்த வழி போய்விட்டது. அதுவரை மிச்சமிருந்த ஒரே எர்த், கொக்கியின் உருண்டையும் ட்ரெய்லரின் கப்பும் உரசிக்கொள்கிற இரும்பு வழி. அங்கே கிரீஸ் தடவியிருக்கிறோம், தடவத்தான் வேண்டும். வண்டி குலுங்கும்போது இரும்பும் இரும்பும் தொட்டால் விளக்கு எரியும், கிரீஸ் நடுவில் வந்தால் அணையும். வாசலில் நிறுத்திப் பார்த்தபோது தொட்டுக்கொண்டிருந்தது. ரோட்டில் தொடவில்லை.

எர்த் கெட்டுப்போனதை விளக்குகளே காட்டிக்கொடுக்கும், பார்க்கத் தெரிந்தால். பிரேக்கை மிதித்தால் டெயில் அணைகிறதா? இடது இண்டிகேட்டர் போட்டால் டெயில் லேம்ப் சேர்ந்து மினுக்குகிறதா? பிரேக் போட்டால் இண்டிகேட்டர் லேசாகச் சிவந்து நிற்கிறதா? மூன்றும் ஒரே நோய். எர்த் வழியாகத் திரும்ப முடியாத கரண்ட், அடுத்த பல்பின் இழை வழியாகப் புகுந்து அந்தப் பக்கத்து வயரில் வெளியேறப் பார்க்கிறது. இதைத் தெரியாமல் பல்பு மாற்றி, ஹோல்டர் மாற்றி, ஸ்விட்ச் மாற்றிக் காசைக் கரைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ட்ரெய்லரில் ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனி எர்த் வயர், எல்லாம் ஒரு இடத்தில் சேர்ந்து, அங்கிருந்து தடித்த ஒரே வயராகச் சாக்கெட் வழியே காருக்கு வர வேண்டும். சேஸிஸை நம்பக் கூடாது. கொக்கியை நம்பவே கூடாது.

இரண்டாவதாகப் போட்டது, ஆன்லைனில் 1,900 ரூபாய்க்கு வந்த நாலு பின் தட்டை கனெக்டரும் அதனுடன் ஒரு கன்வர்ட்டர் பெட்டியும். அமெரிக்காவில் பரவலாக ஓடுகிற முறை. வெள்ளை எர்த், பிரவுன் டெயில், மஞ்சள் இடது, பச்சை வலது. பிரேக்குக்குத் தனி வயர் எங்கே என்று தேடினால் இல்லை. அங்கே நிறைய வண்டிகளில் பிரேக்கும் இண்டிகேட்டரும் ஒரே சிவப்பு விளக்குதான்: பிரேக் போட்டால் நிலையாக எரியும், திரும்பினால் அதே சிவப்பு மினுக்கும். நம் கார்களில் இண்டிகேட்டர் தனி ஆம்பர் விளக்கு. நம் விதியும் ஆம்பரைத்தான் கேட்கிறது. அந்தப் பெட்டி நம் காரின் தனித்தனி சிக்னலை ஒன்றாகக் குழைத்து அமெரிக்க முறைக்கு மாற்றிக் கொடுக்கிறது.

வேலைப்பாட்டில் குறை இல்லை. ஒரு மூட்டுகூடத் தளரவில்லை, வயர் நல்ல வயர். ஆனால் ட்ரெய்லரில் இருந்த ஆம்பர் விளக்கு இரண்டும் இருட்டாகக் கிடந்தன, சிவப்பு மினுக்கியது. தேவகோட்டை ரஸ்தாவில் வலது பக்கம் திரும்ப சிக்னல் போட்டு நின்றபோது, பின்னால் வந்த பஸ் டிரைவர் அதை ஏதோ பிரேக் லைட் லூஸ் கனெக்‌ஷன் என்று நினைத்து வலது பக்கமாகவே ஓவர்டேக் எடுத்தார். அவர்மேல் தப்பு சொல்ல முடியாது. நம் ரோட்டில் சிவப்பு மினுக்கினால் 'திரும்புகிறேன்' என்று யாருக்கும் படிக்கத் தெரியாது. பதினொரு நாளில் கழற்றினேன். பொருள் நல்லதாக இருந்தாலும் நம் ஊர் ரோட்டின் மொழி அதற்குத் தெரியவில்லை, இதை வாங்காதீர்கள்.

மூன்றாவது, இப்போது ஓடிக்கொண்டிருப்பது: ஏழு பின் வட்டச் சாக்கெட், நடுவில் ஒரு ரிலே பெட்டி, பேட்டரியிலிருந்து நேர் சப்ளை. பெட்டி, சாக்கெட், பிளக், வயர், பியூஸ் ஹோல்டர் எல்லாம் சேர்த்து 4,800 ரூபாய், கூலி 1,500. முதல் வயரிங்கைப்போல ஆறு மடங்கு கிட்ட. தயங்காமல் சொல்கிறேன், கொடுக்கலாம்.

ஏழு பின் முறை ஐரோப்பாவில் ஐ.எஸ்.ஓ. 1724 என்ற தரத்தில் வருவது. நம் காருக்குப் பொருந்துகிற முறை இதுதான், ஏனென்றால் இதில் பிரேக் தனி, இண்டிகேட்டர் தனி. ஒன்று, மஞ்சள்: இடது இண்டிகேட்டர். இரண்டு, நீலம்: பின்பக்க ஃபாக் லைட்; எங்களுக்குத் தேவைப்படவில்லை, காலியாக விட்டோம். மூன்று, வெள்ளை: எர்த். நாலு, பச்சை: வலது இண்டிகேட்டர். ஐந்து, பிரவுன்: வலது டெயில். ஆறு, சிவப்பு: பிரேக். ஏழு, கறுப்பு: இடது டெயில்.

இந்தக் கடைசி வயரில்தான் நம் ஊர்ப் பட்டறைகளில் விபத்து நடக்கிறது. நம் எலக்ட்ரீஷியன்களுக்குக் கறுப்பு என்றால் எர்த். கை தானாகக் கறுப்பை எடுத்து பாடியில் போடும். ஏழு பின் வயரில் கறுப்பு இடது டெயில், எர்த் வெள்ளை. கறுப்பை பாடியில் கொடுத்துவிட்டு ஹெட்லைட் ஸ்விட்சைப் போட்டால் அந்த நிமிஷமே பியூஸ் போகும். எங்கள் அண்ணனும் கறுப்பைத்தான் முதலில் எடுத்தார். நிறுத்தி, சாக்கெட்டின் பின்பக்கம் பொறித்திருந்த எண்களைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "நிறத்தப் பாக்காத, நம்பரப் பாருன்னு சொல்லுங்க தம்பி, இனிமே அப்படியே செய்றேன்" என்றார். நீங்களும் எந்தப் பட்டறையில் கொடுத்தாலும் இதை முதலில் சொல்லிவிடுங்கள்.

ரிலே பெட்டி என்ன செய்கிறது? கிளிப் வயரிங்கில் ட்ரெய்லர் பல்புக்கான முழுக் கரண்ட்டும் காரின் டெயில் லேம்ப் வயர் வழியாகவே போகிறது. காரின் ஸ்விட்ச், பியூஸ், பிளாஷர் எல்லாம் காரின் பல்புக்கு அளவாகச் செய்தவை. ரிலே பெட்டி காரின் விளக்கு வயரிலிருந்து துளி கரண்ட் எடுத்து, 'இப்போது பிரேக், இப்போது இடது' என்று தெரிந்துகொள்வதோடு சரி. பல்பு எரிய வேண்டிய கரண்ட் பேட்டரியிலிருந்து தனி வயரில் வருகிறது. பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் பியூஸ் போட்டே தீர வேண்டும். பியூஸை ட்ரெய்லர் பக்கம் வைத்தால், நடுவில் வயர் உரசி இரும்பைத் தொட்டால் வண்டிதான் எரியும்.

அளவுகள்: பேட்டரி சப்ளையும் எர்த்தும் 2.5 ஸ்கொயர், மற்றவை 1.5 ஸ்கொயர். அதே 13.8 வோல்ட்டில் இப்போது ட்ரெய்லர் பிரேக் பல்பில் 13.1. பிள்ளையார்பட்டிப் பக்கம் ஒரு மாலை, மச்சானை வண்டியில் உட்கார வைத்துவிட்டு ரோட்டோரமாகப் பின்னால் நடந்துபோய்ப் பார்த்தேன். முன்னைய வயரிங்கில் டெயில் எரிகிறதா பிரேக் எரிகிறதா என்று நூறு அடியில் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இப்போது முந்நூறு அடியில் பிரேக் மிதித்தது பளிச்சென்று தெரிந்தது.

மூட்டுகள் எல்லாமே லக் வைத்துக் கிரிம்ப் அடித்து, மேலே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். வெறும் இன்சுலேஷன் டேப் நம் வெயிலில் இரண்டு கோடை தாங்காது. பசை இளகிச் சுருள் பிரிந்துவிடும். பாடி எர்த் போடும் இடத்தில் பெயின்டைப் பளபளவென்று சுரண்டி, போல்ட் முறுக்கியபின் மேலே கிரீஸ் பூசினோம்.

தம்பியின் புது காரிலும் இதைப் பொருத்திப் பார்க்க ஆசைப்பட்டேன். காரணம் இருக்கிறது. புது கார்களில் ஸ்விட்சுக்கும் பல்புக்கும் நடுவில் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு விளக்கும் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று அது கவனிக்கிறது. கிளிப் வயரிங்கைச் சோதனைக்காக ஒரே ஒரு தடவை அதில் மாட்டினோம். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு வந்தது, அந்தப் பக்கத்து டெயில் லேம்பையே கம்ப்யூட்டர் அணைத்துவிட்டது. கழற்றிவிட்டு வண்டியை ஆஃப் செய்து போட்டதும் சரியாகிவிட்டது. இன்னொரு தடவை இந்தச் சோதனையைச் செய்ய எனக்குத் துணிச்சல் இல்லை. ரிலே பெட்டியோடு மாட்டியபோது கார் எதையும் கண்டுகொள்ளவில்லை. சில கார்களில் ஒரே பல்பை மங்கலாக எரித்து டெயிலாகவும் முழுதாக எரித்து பிரேக்காகவும் பயன்படுத்துகிறார்கள். கரண்ட்டைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பி மங்கலாக்குவது. அதைப் புரிந்துகொள்கிற பெட்டியா என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் கார் கம்பெனியே அந்த மாடலுக்கென்று ட்ரெய்லர் ஹார்னஸ் விற்றால் யோசிக்காமல் அதையே வாங்கலாம். வாரன்ட்டி உள்ள காரில் வயரைத் தொடுமுன் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

பழைய வண்டிக்காரர்களுக்கும் ஒன்று. இண்டிகேட்டரை மினுக்க வைக்கும் பிளாஷர் யூனிட், ஒரு பல்பு போனால் வேகமாக டிக் டிக் என்று அடித்துச் சொல்லும். கிளிப் வயரிங்கில் ட்ரெய்லர் பல்பும் அதே லைனில் சேர்ந்துவிடுவதால், காரின் பல்பு ஒன்று போனாலும் மொத்தக் கரண்ட் வழக்கமான அளவுக்குக் கீழே போகாது; பிளாஷர் சொல்லாது. ரிலே பெட்டியில் அந்தக் குழப்பம் கிடையாது. ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு: ட்ரெய்லரின் பல்பு போனால் டிரைவருக்கு எந்த வழியிலும் தெரியாது. சத்தம் போட்டுச் சொல்லும் பெட்டிகள் இருக்கின்றன. நான் வாங்கியதில் அது இல்லை. அடுத்த தடவை அதைத்தான் வாங்குவேன்.

விளக்கையே எல்.இ.டி.யாக மாற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். கரண்ட் மிச்சம், குலுக்கலில் இழை அறுகிற தொல்லை இல்லை. ரிலே பெட்டி இருந்தால் தாராளமாக மாற்றலாம். புது காரின் வயரில் நேராகக் கொடுத்தால், பல்பு இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் அனுப்பிப் பார்க்கும் சிறு துடிப்புகளுக்கே எல்.இ.டி. மின்னி மின்னி அணையும். வாங்குகிற இடத்திலும் கவனம்: லாரி சாமான் கடையில் அதே அச்சில் கிடைக்கும் விளக்குகள் 24 வோல்ட். காருக்கு 12. டிராக்டர் ட்ரெய்லருக்கு விற்கும் விளக்குகள் 12 வோல்ட்டிலேயே கிடைக்கும், காரைக்குடியில் தேட வேண்டியதில்லை, விலையும் கட்டுப்படி.

கடைசியாக வயரின் நீளம். வீட்டு வாசலில் ஸ்டீயரிங்கை இடது பக்கம் முழுக்க ஒடித்து, பிறகு வலது பக்கம் முழுக்க ஒடித்து, முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். இழுபடக் கூடாது, தரையையும் தொடக் கூடாது. எங்களுக்கு முதலில் ஒரு கை நீளம் அதிகமாக இருந்து, குன்றக்குடி போய்வந்ததில் ரோட்டில் தேய்ந்து உறை கிழிந்துவிட்டது. சாக்கெட்டின் மூடி மேல்நோக்கித் திறக்குமாறு பொருத்தினால் மழைத் தண்ணீர் உள்ளே தங்காது. ட்ரெய்லர் மாட்டாத நாட்களில் மூடி மூடியே இருக்கட்டும். செம்மண் தூசி பின்னுக்குள் போனால் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தாலும் முழுக்கப் போகாது.

இப்போது ஒவ்வொரு சமையலுக்கும் கிளம்பும் முன்னும், திரும்பும் முன்னும், பாத்திரம் தேய்க்க வரும் அக்கா ட்ரெய்லருக்குப் பின்னால் போய் நிற்கிறார். மச்சான் உள்ளே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போடுகிறார். "எடது எரியுது. வலது எரியுது. பிரேக்கு... இன்னொருக்கா அமுக்குங்க மாமா... ஆங், ரெண்டும் எரியுது. நம்பரு லைட்டும் எரியுது. எடுக்கலாம்."